எடைக்குப் போகும் திரைப்படத் தகடுகளும் ஆய்வுலகத்தின் மௌனமும்

தில்லியிலோ புணேயிலோ ஐதராபாத்திலோ ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் பல்கலைக்கழகக் குடியிருப்பைக் காலி செய்யும் நாளில் நடப்பது ஏறத்தாழ ஒரே காட்சிதான். நூல்களுக்கு மாணவர்கள் வருகின்றனர். மர அலமாரிக்கும் எழுதுமேசைக்கும் அக்கம்பக்கத்தில் ஆள் கிடைக்கிறது. கூடத்தின் மூலையில் மூன்று அட்டைப் பெட்டிகள் மட்டும் எஞ்சுகின்றன. உள்ளே இருப்பவை இருபது ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த திரைப்பட விசிடிகளும் டிவிடிகளும். பிள்ளைகளுக்கு அவை வேண்டாம். வீட்டில் அவற்றை ஓட்டும் கருவியும் இல்லை. துறை நூலகத்தைக் கேட்டால் ‘இப்போது தகடுகள் எடுப்பதில்லை’ என்று விடை வருகிறது. மாலையில் கபாடிவாலா வருகிறார். உறைக்குள் இருக்கும் அச்சுத்தாளை உருவிப் பழைய தாளோடு சேர்க்கிறார். பெட்டிகளைப் பிளாஸ்டிக்கோடு சேர்க்கிறார். தகடுகளைத் தராசில் ஏற்றுகிறார். தகடு ஒன்றின் எடை சுமார் 16 கிராம். ஆயிரம் தகடுகள் என்றால் 16 கிலோ. கிலோவுக்கு 10 ரூபாய் கிடைப்பதாக வைத்துக்கொண்டாலும் 160 ரூபாயில் கணக்கு முடிந்துவிடுகிறது.

அந்நேரத்தில் அங்கிருக்கும் ஒருவர், பெரும்பாலும் படித்த ஒருவர், ஒரு வாக்கியத்தைச் சொல்லி அனைவரையும் அமைதிப்படுத்துவார்: ‘எல்லாந்தான் இணையத்தில் இருக்கிறதே.’ இவ்வாக்கியம் பொய். இதைப் பொய்யென்று அறிந்திருக்க வேண்டியவர்களான திரைப்பட ஆய்வாளர்களும் பண்பாட்டு வரலாற்றாசிரியர்களும் நூலகவியலாளர்களும்தான் இதனை அதிகமாகச் சொல்லிவருகின்றனர் என்பதே இப்பதிவின் குற்றச்சாட்டு. வேண்டாத தகட்டுச் சேகரத்தை விற்பதா, கொடுப்பதா, எறிவதா என்பது வீட்டைச் சுத்தப்படுத்துவோரின் சிறு சிக்கல் போலத் தோன்றலாம். உண்மையில், 1990களின் பிற்பகுதி முதல் 2010களின் நடுப்பகுதி வரை இந்தியர்கள் வீட்டில் எதைப் பார்த்தனர், எவ்வடிவில் பார்த்தனர் என்பதற்கான முதன்மைச் சான்று எவர் கையில் எஞ்சப்போகிறது என்னும் வினாவே அதன் உள்ளே இருக்கிறது.

முதலில் வரலாற்றை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். விசிடியின் தரம் 1993இல் வகுக்கப்பட்டது. ஒரு தகட்டில் ஏறக்குறைய 74 நிமிடக் காட்சி மட்டுமே அடங்கும். ஆகவேதான் இந்தியப் படங்கள் இரண்டு, மூன்று தகடுகளாகப் பிரிந்தன. இடைவேளைக்கும் தகடு மாற்றுவதற்கும் தொடர்பில்லாமல் போயிற்று. மேற்கு நாடுகளில் பெரிதாக வேரூன்றாத விசிடி, ஆசியாவின் பல பகுதிகளிலும் இந்தியாவிலும் செழித்தது. தயாரிப்புச் செலவு மிகக் குறைவு என்பதே காரணம். 2007இல் மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, திருட்டுத் தகட்டின் விலைக்கே உரிமம் பெற்ற தகடு கிடைக்கும் நிலை உருவாயிற்று. மளிகைக் கடையிலும் மருந்துக் கடையிலும்கூடப் படங்கள் தொங்கின. நடுத்தரக் குடும்பம் வாடகைக்கு எடுக்கும் பழக்கத்தை விட்டு, திரைப்படத்தைச் சொந்தமாக வாங்கி அடுக்கிவைக்கும் பழக்கத்திற்கு வந்தது அப்போதுதான். அதற்கு முன்பு இந்திய வீடுகளில் பாட்டு நாடா இருந்தது. படம் இவ்வளவு பரவலாக இருந்ததில்லை.

அந்தக் காலம் விரைவாகவே முடிந்தது. கொல்கத்தாவின் பார்க் தெருவிலிருந்த மியூசிக் வேர்ல்ட் 2013இல் மூடப்பட்டது. மும்பை காலா கோடாவின் ரிதம் ஹவுஸ் 2016இல் மூடப்பட்டது. மோசர் பேர் நிறுவனத்தைக் கலைத்துச் சொத்துகளை விற்கும் ஆணை 2018இல் வந்தது. இத்தகைய நிறுவனங்கள் பல மொழிகளில் வெளியிட்ட ஆயிரக்கணக்கான தலைப்புகளின் முழுமையான பொதுப் பட்டியல் எதுவும் எந்த நூலகத்திலும் வைக்கப்படவில்லை. கடைகள் இல்லை, வெளியீட்டாளர் இல்லை, பட்டியல் இல்லை. எனவே எஞ்சியிருக்கும் ஒரே களஞ்சியம் வீடுகளே. அந்த வீடுகள்தான் இப்போது ஒன்றன்பின் ஒன்றாகக் காலியாகின்றன.

‘எல்லாம் இணையத்தில் இருக்கிறது’ என்னும் கூற்றை மூன்று நிலைகளில் சோதித்துப் பார்க்கலாம்.

முதல் நிலை, தலைப்பு. பெருநிறுவனங்களின் இந்திப் படங்களும் தென்னிந்திய மொழிகளின் வெற்றிப்படங்களும் கிடைக்கின்றன என்பது உண்மை. ஆனால் விசிடியை இந்தியாவின் மொழிவரலாற்றில் முக்கியமாக்கியவை அவை அல்ல. மாலேகாவ் நகரின் விசைத்தறித் தொழிலாளர் சூழலில் பிறந்த பகடிப் படங்கள், ஹரியானாவிலும் மேற்கு உத்தரப் பிரதேசத்திலும் வட்டார மொழியில் எடுக்கப்பட்ட நாட்டுப்புறப் படங்கள், கட்வாலி, குமாவுனி, சந்தாலி மொழிகளின் பாடல் தொகுப்புகளும் கதைப்படங்களும், 2000ஆம் ஆண்டில் ஆயுதக் குழுவொன்று இந்திப் படங்களுக்குத் தடை விதித்த பின்னர் மணிப்பூரில் பெருகிய எண்முறைப் படங்கள் ஆகியவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் படச்சுருள் என்பதே கிடையாது. எளிய வீடியோ கருவியில் எடுத்து, கணினியில் தொகுத்து, நேராகத் தகட்டிலோ உள்ளூர்த் திரையிலோ வெளியிடப்பட்டவை அவை. மூல நாடா அழிந்திருந்தால், சந்தையில் விற்ற தகடே அவற்றின் மூலப்படி. மாலேகாவ் பற்றி ஓர் ஆவணப்படமும் பின்னர் ஒரு முழுநீளத் திரைப்படமும் வந்து அவ்வூரின் பெயர் உலகறிந்ததாயிற்று. அவ்வூரைப் போலவே படம் எடுத்த பிற ஊர்களுக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. அவ்வூர்களின் படங்கள் ஏதோ ஒரு வீட்டின் காலணிப் பெட்டியில் இருக்கின்றன. அல்லது இனி எங்கும் இல்லை.

இரண்டாம் நிலை, வடிவம். ஒரு படத்தின் பெயர் இணையத்தில் கிடைப்பதும் அப்படம் கிடைப்பதும் ஒன்றல்ல. இலவசத் தளங்களில் ஏற்றப்பட்டுள்ள பல பழைய படங்கள், அகலத்திரைக்கேற்பத் தலையும் காலும் வெட்டப்பட்டவை. மூலையில் நிறுவன முத்திரை பதிக்கப்பட்டவை. பாடல்கள் தனித்தனி வருவாய்க்காகப் பிரித்தெடுக்கப்பட்டவை. டிவிடியில் ஆங்கிலத் துணைவசனமும், சில வேளைகளில் இயக்குநரின் உரையும், நீக்கப்பட்ட காட்சிகளும் இருந்தன. தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் ‘சினிமாஸ் ஆஃப் இந்தியா’ என்னும் வரிசையில், செப்பனிட்ட இணைநிலைப் படங்களை டிவிடியாக வெளியிட்டபோது, கல்லூரி வகுப்பறைகள் முதன்முறையாகத் தெளிவான படிகளைப் பெற்றன. மறுபுறம், இரண்டு தகடுகளில் அடக்குவதற்காகச் சில விசிடிகளில் காட்சிகள் கத்தரிக்கப்பட்டதும் உண்டு. தரத்தை விரும்புவோருக்கு அது குறை. வரவேற்பு வரலாற்றை ஆராய்வோருக்கு அதுவே சான்று. ஒரு தலைமுறை தன் வீட்டில் பார்த்த படம் எது என்பதைத் திரையரங்கு வடிவம் சொல்லாது. 28 ரூபாய்த் தகடுதான் சொல்லும்.

மூன்றாம் நிலை, நிலைபேறு. இணையவழித் திரைத்தளத்தில் இருப்பது உரிமமேயன்றிப் படி அன்று. ஒப்பந்தக் காலம் முடிந்தால் அது மறையும்; எதிர்ப்பு எழுந்தாலும் மறையும். 2023இல் வெளியான ‘அன்னபூரணி’ என்னும் தமிழ்ப் படம் 2024 ஜனவரியில் நெட்பிளிக்ஸ் தளத்திலிருந்து நீக்கப்பட்டது. அப்படம் பற்றிய கருத்து எதுவாயினும் ஆகுக. அதனை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் அதனை ஆராய்பவரும் ஒரே நாளில் ஒன்றுபோல அதனைப் பார்க்கும் வாய்ப்பை இழந்தனர் என்பதே இங்கே கருதத்தக்கது. ஆய்வேட்டில் ஒரு காட்சியை நிமிடக் கணக்கோடு மேற்கோள் காட்டும் மாணவர், தேர்வாளர் அதே காட்சியைச் சரிபார்க்கக்கூடும் என்னும் நம்பிக்கையில்தான் எழுதுகிறார். சத்தமின்றி மாற்றப்படக்கூடிய ஒரு கோப்பை நம்பி எழுதப்படும் அடிக்குறிப்பு சான்றாகாது.

இந்தியத் திரைப்பட வரலாறு இழப்புகளின் வரலாறு என்பதை ஒவ்வொரு கருத்தரங்கிலும் சொல்லிச் சொல்லி அது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. முதல் பேசும்படமான ‘ஆலம் ஆரா’வின் (1931) படி இல்லை. அதே ஆண்டின் ‘காளிதாஸ்’ இல்லை. 2003 ஜனவரியில் புணேயில் ஏற்பட்ட தீவிபத்தில் நைட்ரேட் சுருள்கள் அழிந்தன. இவற்றைச் சொல்லி வருந்துவோர், எஞ்சியவை எவ்வாறு எஞ்சின என்பதைச் சொல்வதில்லை. 1964இல் தொடங்கப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகத்தை வளர்த்தெடுத்த பி. கே. நாயர், பால்கேயின் படங்களில் எஞ்சிய சுருள்களை அவருடைய குடும்பத்தாரிடமிருந்தே திரட்டினார். 1933ஆம் ஆண்டின் மௌனப்படமான ‘மார்த்தாண்ட வர்மா’ தப்பியதற்குக் காரணம், நாவலின் உரிமை பற்றிய வழக்கில் சிக்கி, அதன் படி திருவனந்தபுரத்துப் புத்தக நிறுவனம் ஒன்றின் அறையில் கிடந்ததுதான். 1994இல் சென்னையில் தொடங்கப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் அடித்தளம், கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்த நூல்களும் துண்டறிக்கைகளும் சினிமாப் பாட்டுப் புத்தகங்களும் ஆகும். அவை வெளிவந்த நாளில் பாட்டுப் புத்தகத்தை யாரும் ஆவணம் என்று கருதவில்லை. அரையணாப் பாட்டுப் புத்தகம் அன்று இருந்த இடத்தில்தான் 28 ரூபாய் விசிடி இன்று இருக்கிறது. தனியார் வீட்டின் பெட்டி பொது ஆவணமாக மாறுவதே இந்நாட்டில் பண்பாட்டு நினைவு தப்பிப் பிழைக்கும் வழக்கமான வழி. அவ்வழியைத் தெரிந்துவைத்திருப்பவர்களே இன்று வாசலை மூடுகின்றனர்.

வாசலை மூடுவதற்குப் பல்கலைக்கழக நூலகங்கள் மூன்று காரணங்களைச் சொல்கின்றன: இடமில்லை, கருவியில்லை, சட்டம் இடங்கொடுக்காது. மூன்றையும் தனித்தனியே பார்ப்பது முறை.

இடம் பற்றிய வாதம் கணக்கில் தோற்கிறது. வழக்கமான டிவிடி உறையின் தடிப்பு ஏறக்குறைய 14 மில்லிமீட்டர். ஆயிரம் உறைகளுக்கு 14 மீட்டர் அடுக்குப் பலகை போதும். அதாவது, ஒரு மீட்டர் அகலமும் ஏழு தட்டுகளும் கொண்ட இரண்டு அலமாரிகள். எவரும் திறக்காத கட்டுக்கட்டான பழைய கருத்தரங்கச் சுருக்கத் தொகுப்புகளுக்கு இதைவிடக் கூடுதலான இடத்தைப் பல துறைகள் ஒதுக்கியிருக்கின்றன. தகட்டிலுள்ள தரவை எடுத்துக்கொண்டாலும் அவ்வாறே. இரட்டை அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 8.5 ஜிகாபைட். ஆயிரம் தகடுகளும் நிரம்பியிருந்தால்கூட 8.5 டெராபைட்தான். மேசை இழுப்பறையில் வைக்கக்கூடிய ஒரே வன்தட்டில் அது அடங்கும். பாதுகாப்புக்கு மூன்று படிகள் வைத்தாலும் ஒரு கருத்தரங்கின் விருந்துச் செலவை அது தாண்டாது.

கருவி பற்றிய வாதம் இன்னும் மெலிந்தது. மடிக்கணினிகளில் தகடு ஓட்டும் பகுதி இல்லாமல் போனது உண்மையே. ஆனால் யுஎஸ்பி வழி இணைக்கும் வெளிக்கருவி இன்றும் விற்பனையில் இருக்கிறது. இந்தியாவுக்குரிய ஐந்தாம் மண்டலத் தகட்டையும் அமெரிக்காவின் முதல் மண்டலத் தகட்டையும் ஒரே கருவியில் மாற்றி மாற்றி ஓட்ட முடியாது. மண்டல அமைப்பைச் சில முறைகளே மாற்ற இயலும். அதற்கும் இரண்டு கருவிகள் வாங்குவதே தீர்வு. இன்று கருவி கிடைக்கிறது, நாளை கிடைக்காது என்றால், அது இன்றே செயல்படுவதற்கான காரணமேயன்றிச் செயல்படாமல் இருப்பதற்கான காரணம் அன்று.

சட்டம் பற்றிய வாதமே உண்மையான எடையுடையது. அதைத்தான் ஆய்வுலகம் மிகக் குறைவாகப் படித்திருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 2012க்கு முன்பு, திரைப்படப் படி ஒன்றை விற்கவும் வாடகைக்கு விடவும் உள்ள உரிமையை, அப்படி முன்பே விற்கப்பட்டிருந்தாலும் பொருட்படுத்தாமல், உரிமையாளரிடமே வைத்திருந்தது. வெளிநாட்டு டிவிடிகளை வாடகைக்கு விட்ட ஒருவர்மீது வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் தொடுத்த வழக்கில் 2009இல் தில்லி உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, அந்த வாசகத்தின்மீதே நின்றது. நூலகர்களின் அச்சம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் 2012ஆம் ஆண்டின் திருத்தம் ‘முன்பே விற்கப்பட்டிருந்தாலும்’ என்னும் பொருள்தரும் அச்சொற்றொடரை நீக்கியது. ‘வாடகை’ என்பதை ‘வணிக வாடகை’ என்று மாற்றியது. நூலகமோ கல்வி நிறுவனமோ முறையாகப் பெற்ற படியை இலாப நோக்கின்றி இரவல் தருவது வணிக வாடகை ஆகாது என்றும் விளக்கியது. கல்வி நிறுவனத்தின் செயற்பாடுகளின்போது ஆசிரியர், மாணவர், அவர்தம் பெற்றோர் போன்றோர் மட்டும் அடங்கிய அவையில் படத்தைக் காட்டுவதையும் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஆக, முறையாக வெளியிடப்பட்ட தகட்டை நன்கொடையாகப் பெறுவதையோ இரவல் தருவதையோ வகுப்பில் திரையிடுவதையோ கண்டு நூலகம் அஞ்ச வேண்டியதில்லை. நீங்கிப்போன சட்டத்தின் நிழலைக் காட்டிக் கதவைச் சாத்துவது அறியாமை; அறிந்தே சாத்தினால் அது சோம்பல்.

எனினும், சட்டத்தில் ஓர் உண்மையான ஓட்டை இருக்கிறது. நூலகம் ஒரு படைப்பைப் பாதுகாப்புக்காக மின்னணு முறையில் சேமித்துவைக்கலாம் என்று 52ஆம் பிரிவின் ‘என்’ உட்கூறு சொல்கிறது. அதற்கான நிபந்தனை, அந்நூலகத்தில் அப்படைப்பின் எண்முறை அல்லாத படி இருக்க வேண்டும் என்பது. தாளும் படச்சுருளும் அழியும், எண்முறை அழியாது என்னும் எளிய நம்பிக்கை அவ்வாசகத்தில் உறைந்திருக்கிறது. தகடு எண்முறைப் படி. ஆகவே அந்தப் பாதுகாப்பு அதற்குக் கிட்டாது. விற்பனையில் இல்லாத ஒன்றை மூன்று படிகள் எடுத்துக்கொள்ளும் சலுகையும் நூல், துண்டுநூல், நிலப்படம் முதலியவற்றுக்கே உரியது. திரைப்படம் அதில் இடம்பெறவில்லை. எண்முறை என்பதாலேயே எதுவும் நிலைத்துவிடாது. பாலிகார்பனேட் தட்டின் ஓரத்தில் ஈரம் புகுந்தால் அலுமினியப் படலம் அரிக்கும். வீட்டில் எழுதப்பட்ட தகட்டின் சாயப்படலம் வெளிச்சத்திலும் வெப்பத்திலும் சிதையும். சென்னை, கொல்கத்தா, மும்பை போன்ற ஈரப்பதமான ஊர்களில் இது கண்கூடு. அழிந்துகொண்டிருக்கும் பொருளை அழியாப் பொருளாகச் சட்டம் கருதுகிறது.

இங்கேதான் ஆய்வுலகத்தின் மௌனம் உறுத்துகிறது. தில்லிப் பல்கலைக்கழக ஒளிநகல் வழக்கில் மாணவர் அமைப்பும் ஆசிரியர் அமைப்பும் தாமாகவே முன்வந்து வாதாடின; 2016இல் தீர்ப்பு கல்விக்குச் சாதகமாக வந்தது. அச்சுநூலின் சில அத்தியாயங்களுக்காக அவ்வளவு உறுதியாக நின்ற அதே சமூகம், ஒரு முழுத் திரைப்படக் காலகட்டத்தின் படியெடுப்பு உரிமைக்காக எதுவும் பேசவில்லை. 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி வெளியீட்டாளர் ஒவ்வொரு நூலையும் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னைக் கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்கு அனுப்பக் கடமைப்பட்டவர். திரைப்படத்துக்கு அத்தகைய கட்டாய வைப்புச் சட்டம் இல்லை என்பது திரைப்பட ஆய்வுத்துறை ஒவ்வொன்றுக்கும் தெரியும். தெரிந்தும், அதற்கு மாற்றாக அமையக்கூடிய வீட்டுச் சேகரங்களை ஏற்கும் நெறி பற்றி விவாதம் எழவில்லை. படிமம் பற்றியும் உடல்மொழி பற்றியும் நூற்றுக்கணக்கான ஆய்வேடுகள் எழுதப்படுகின்றன. அப்படிமம் எந்தத் தகட்டின்மேல் வந்தது என்பது மட்டும் பேசத் தகுதியற்ற பொருளாகிவிட்டது.

பழியை நிறுவனத்தின் தலையில் மட்டும் கட்டுவதும் நேர்மையாகாது. சேகரித்தவர்களும் தம் பங்குக்கு அழிக்கின்றனர். அழிவின் வழிகள் இரண்டு. ஒன்று, விற்பனை. சேகரத்தில் விலைபோகக்கூடிய சில பெட்டித் தொகுப்புகளையும் வெளிநாட்டு வெளியீடுகளையும் இணையத்தில் விற்றுவிட்டு, எவரும் கேட்காத கட்வாலி விசிடியை எடைக்குப் போடுவது. சந்தையில் விலையுள்ளது எங்கும் கிடைப்பது. விலையற்றதுதான் எங்கும் கிடைக்காதது. இத்தலைகீழ்க் கணக்கை உணராமல் விற்பவர், உமியை வைத்துக்கொண்டு நெல்லை எறிபவருக்கு ஒப்பாவார். மற்றொன்று, நன்கொடை என்னும் பெயரில் குப்பை கொட்டுவது. பட்டியல் இல்லை, பாதித் தகடுகள் மாறிய உறையில், திருட்டுப் படிகளும் வீட்டில் எழுதிய படிகளும் கலந்து, பூஞ்சை படிந்த பெட்டிகளைத் துறை வாசலில் இறக்கிவிட்டு, நன்றிக் கடிதம் வரவில்லை என்று குறைகூறுவோரும் உண்டு. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது விருந்தோம்பலுக்குப் பொருந்தும், ஆவணக்காப்பகத்துக்குப் பொருந்தாது. நூலகம் பல்லைப் பார்த்தே ஆகவேண்டும். வீட்டைக் காலி செய்பவர் அதற்கு முன்பே தாம் பார்த்திருக்க வேண்டும்.

அப்படிப் பார்ப்பதற்கு ஒரு வாரம் போதும். முதல் வேலை பட்டியல். படத்தின் பெயர், மொழி, வெளியிட்ட நிறுவனம், உறையில் அச்சிட்ட ஆண்டு, தகடுகளின் எண்ணிக்கை, உள்வளையத்தில் பொறிக்கப்பட்ட எண், வாங்கிய ஊர், விலைச்சீட்டு இருந்தால் விலை, தற்போதைய நிலை ஆகிய ஒன்பது பத்திகள் கொண்ட அட்டவணை அது. பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஏ பிரிவின்படி, வீடியோப் படத்தின் உறையில் தணிக்கைச் சான்றிதழின் படியும், தயாரித்தவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். முறையான வெளியீட்டைப் போலியிலிருந்து பிரிக்க இதுவே முதல் அடையாளம். வாங்கிய ஊரையும் விலையையும் எழுதுவது மிகையாகத் தோன்றலாம். மஜ்லிசில் பேசப்படும் ‘புழக்கம்’, ‘நுகர்வு’ போன்ற சொற்களுக்கெல்லாம் அடிப்படைத் தரவு அந்த இரண்டு பத்திகள்தாம்.

இரண்டாம் வேலை பகுப்பு. நான்கு குவியல்கள் போதும். பெருநிறுவனங்கள் வெளியிட்டு எங்கும் கிடைக்கக்கூடிய படங்கள் முதற்குவியல். இவற்றை மொத்தமாகப் பழைய புத்தகக் கடைக்கு விற்கலாம், அல்லது தொலைக்காட்சியும் ஓட்டும் கருவியும் உள்ள முதியோர் இல்லத்துக்கோ மாணவர் விடுதிக்கோ பார்த்து மகிழக் கொடுக்கலாம். அதில் குற்றவுணர்வு வேண்டியதில்லை. ஆயிரமாவது படியைக் காக்க எந்த ஆவணக்காப்பகமும் கடமைப்பட்டதன்று. சிறு நிறுவனங்களும் தனிமனிதர்களும் வெளியிட்ட வட்டார மொழிப் படங்கள், ஆவணப்படங்கள், மேடை நாடகப் பதிவுகள், வழக்கொழிந்த நிறுவனங்களின் வெளியீடுகள் இரண்டாம் குவியல். இதைப் பிரிக்காமல், பட்டியலோடு ஒரே இடத்தில் சேர்ப்பதே முக்கியம். தொலைக்காட்சியிலிருந்து பதிவுசெய்தவை, திருமண விழாப் பதிவுகள், கல்லூரி நிகழ்ச்சிப் பதிவுகள் மூன்றாம் குவியல். இவற்றில் பிறருடைய முகமும் குரலும் இருப்பதால், குடும்பத்தின் ஒப்புதல் இல்லாமல் எவருக்கும் தரலாகாது. போலிகளும் ஓடாதவையும் நான்காம் குவியல். எடைக்குப் போக வேண்டியவை இவை மட்டுமே. இவற்றிலும்கூட, வேறு எவ்வடிவிலும் கிடைக்காத படம் என்றால், அதனைத் தனியே எடுத்து வைத்து, அறிந்தவர் ஒருவரிடம் காட்டிவிட்டே முடிவெடுக்க வேண்டும்.

மூன்றாம் வேலை பராமரிப்பு. தகட்டை விளக்கொளிக்கு எதிரே பிடித்தால் ஊசித்துளைகள் போல வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கலாம். தெரிந்தால் படலம் அரிக்கத் தொடங்கிவிட்டது. துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் ஏற்படும் கீறல் தரவின் போக்கோடு சேர்ந்தோடிப் படத்தைக் கெடுக்கும். பிவிசி உறைகளிலிருந்து எடுத்துக் கெட்டிப் பெட்டியில் நிமிர்த்தி வைக்க வேண்டும். தகட்டின் மேல் காகிதச் சீட்டு ஒட்டலாகாது. இவற்றில் எதுவும் நிபுணர் வேலை அன்று.

இத்தனைக்கும் எதிராக வைக்கப்படும் கடைசி வாதம் ஒன்று உண்டு: இது பழமைமோகம், நகர்ப்புற நடுத்தர வகுப்பு தன் இளமையை ஆவணமாக்கப் பார்க்கிறது. இவ்வாதத்தில் பாதி நியாயம் இருக்கிறது. வீட்டுச் சேகரம் என்பது பணமும் அலமாரியும் இருந்தவர்களின் சேகரமே. தள்ளுவண்டியில் விசிடி வாங்கி, பார்த்து, மாற்றிக்கொண்டவர்களின் படங்கள் அதில் முழுமையாக இரா. ஆனால் அதிலிருந்து பெறத்தக்க முடிவு, பேராசிரியரின் பெட்டியை எறிந்துவிடலாம் என்பது அன்று. பேராசிரியரின் பெட்டியோடு நிற்காமல், விடுதிச் சமையற்காரரின் வீட்டுப் பெட்டியையும், ஊருக்குச் செல்லும்போதெல்லாம் தன் மொழியில் ஒரு தகடு வாங்கிவந்த பாதுகாவலரின் பெட்டியையும் கேட்டு வாங்க வேண்டும் என்பதே. தில்லியில் கட்டடப் பணிக்கு வந்த மைதிலி பேசுவோரும் போஜ்புரி பேசுவோரும் அறையில் கூடிப் பார்த்த படங்கள் அங்குதான் இருக்கும். புலம்பெயர்ந்த உழைப்பாளரின் பண்பாடு குறித்துக் கட்டுரை எழுதும் துறைகள், தம் வாயிற்காவலர் இருபது ஆண்டுகளாக என்ன பார்த்தார் என்பதைக் கேட்டறிவதற்குக் கள ஆய்வு நல்கை தேவையில்லை.

ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தின் பண்பாட்டுப் பனுவல்கள் மற்றும் ஆவணங்கள் பள்ளி, தனியார் சேகரங்களிலிருந்து வட இந்திய மரபிசைப் பதிவுகளை எண்முறைப்படுத்தி ஓர் ஆவணத் தொகுப்பை உருவாக்கியிருக்கிறது. பல்கலைக்கழகத்தால் இது இயலும் என்பதற்கு அது போதிய சான்று. செய்ய வேண்டியவை மூன்றுதான். திரைப்படமும் ஊடகமும் கற்பிக்கும் துறை ஒவ்வொன்றும், ‘பட்டியல் அனுப்புக, பார்த்துத் தெரிவுசெய்து ஏற்போம்’ என்னும் ஒருபக்க நெறியை வெளியிட வேண்டும். எல்லாவற்றையும் ஏற்பதும் எல்லாவற்றையும் மறுப்பதும் ஒரேயளவு பொறுப்பின்மை. ஆசிரியர், மாணவர், நூலகர் அமைப்புகள் ஒன்றுசேர்ந்து, பாதுகாப்புப் படியெடுப்பு விதியிலிருந்து ‘எண்முறை அல்லாத’ என்னும் நிபந்தனையை நீக்குமாறும், விற்பனையில் இல்லாத படைப்புக்கான சலுகையைத் திரைப்படத்துக்கும் விரிக்குமாறும் கோர வேண்டும். ஆய்வு நெறியாளர்கள், தாம் மேற்கோள் காட்டிய படத்தின் எப்படியை, எந்நிறுவன வெளியீட்டை, எவ்வாண்டில் பார்த்தோம் என்று குறிக்குமாறு மாணவரை வற்புறுத்த வேண்டும். மூன்றாவது மட்டும் நடந்தாலே, அந்த மூன்று அட்டைப் பெட்டிகளைத் தேடி நூல்களுக்கு வந்த அதே மாணவர்கள் வருவார்கள்.

ஒரு விசிடியை ஆவணமாகக் கருத மறுக்கும் துறை, ஐம்பது ஆண்டுகள் கழித்து அதே விசிடியைத் ‘தொலைந்த படைப்பு’ என்று பெயரிட்டுக் கருத்தரங்கு நடத்தும். அதற்கான அழைப்பிதழை அச்சிடும் செலவு நிச்சயமாக 160 ரூபாய்க்கு மேல் ஆகும்.